நாவல் படமாகும்போது இயக்குநர் என்ன செய்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாவலைத் தழுவிப் படம் வந்தால் முதல் வாரத்தில் எல்லோரும் பேசுவது ஒன்றைத்தான்: “புத்தகம் மாதிரி வரலை”. கதையை மாற்றிவிட்டார்கள், பாத்திரத்தைக் காணோம், முடிவு வேறு என்று பட்டியல் நீளும். அந்த மாற்றங்களில் பாதிக்கு மேல் இயக்குநரின் பழக்கத்திலிருந்து வருகின்றன என்பது என் கட்சி. தமிழ்ப் படங்களையும், வெளியிலிருந்து இரண்டு மூன்றையும் வைத்துப் பார்ப்போம். முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன், படம் பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

இயக்குநரின் பாணி என்றால் கேமரா கோணம், கலர், லைட்டிங் இவைதானே?

அவையும்தான், ஆனால் அவை மேல்பூச்சு. எந்தக் கதையைக் கொடுத்தாலும் ஒரு இயக்குநர் முதலில் எதைத் தூக்கி எறிகிறார், எதைப் புதிதாகச் சேர்க்கிறார் என்று பாருங்கள். அதுதான் பாணி. மகேந்திரன் பேச்சைக் குறைப்பார். வெற்றிமாறன் முன்கதையைச் சேர்ப்பார். மணிரத்னம் ஊரையே கழித்துவிட்டு இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துவார். படத்தில் பெயர் போடாவிட்டாலும் இதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

ஒரே நாவலை வெவ்வேறு இயக்குநர்கள் எடுத்தால் உண்மையிலேயே அவ்வளவு மாறுமா?

வங்க எழுத்தாளர் சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ 1917-இல் வெளிவந்த நாவல். நம் ஊரில் 1953-இல் வேதாந்தம் ராகவையா இயக்கத்தில் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படமாக அது பதிந்துவிட்டது; ‘உலகே மாயம்’ பாட்டு இன்னும் காதில் விழுகிறது. ஹிந்தியில் மட்டும் மூன்றை எடுத்துக்கொள்வோம். தேவதாஸின் காதலி பார்வதியும், அவனை நேசிக்கும் தாசி சந்திரமுகியும் நாவலில் சந்திப்பதே இல்லை. பிமல் ராய் 1955-இல் அந்த இருவரையும் ஒரு பாதையில் எதிரெதிரே வரவிட்டார். ஒருத்தி பல்லக்கில், ஒருத்தி நடந்து. ஒரு பார்வை, அவ்வளவுதான், கடந்து போய்விடுகிறார்கள். சஞ்சய் லீலா பன்சாலி 2002-இல் அதே இருவரையும் நூற்றுக்கணக்கான விளக்குகளுக்கு நடுவே ஜோடியாக ஆடவைத்தார். அனுராக் காஷ்யப் 2009-இல் ‘தேவ்.டி’ எடுத்தபோது தேவதாஸைச் சாகவே விடவில்லை.

மூவரும் நாவலில் இல்லாததைத்தான் செய்தார்கள். பிமல் ராயின் மீறல் நமக்கு உறுத்தாததற்குக் காரணம் அது அடக்கமாக இருப்பதுதான். விசுவாசம் என்று நாம் சொல்வது பல சமயம் அடக்கத்தைத்தானோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

‘வெக்கை’யும் ‘அசுர’னும் ஒரே கதையா?

கரு ஒன்று, கதை வேறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாணி எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் சமீபத்தில் இல்லை.

பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்தது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் நாவல் முழுக்க அய்யாவும் மகனும் கரிசல் காட்டிலும் குன்றிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான். எங்கே தூங்குவது, எதைத் தின்பது, எந்தப் பக்கம் ஆள் வருகிறது. நடுநடுவே பழைய பேச்சு. பழி வாங்கிய வெறி எங்கும் இல்லை. ஒரு சின்னப் பையன் தகப்பனோடு காட்டில் இருக்கிற நெருக்கம்தான் பக்கத்துக்குப் பக்கம். சாதிப் பெயரைப் பூமணி எங்கும் எழுதவில்லை. வாசகனுக்குத் தெரியும், சொல்ல வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்.

வெற்றிமாறனுக்கு இது போதாது. அவர் படங்களில் ஒரு வன்முறை நடந்தால், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்கும் முன்னால் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பார். 2019-இல் வந்த ‘அசுர’னில் காட்டில் ஒளிந்திருக்கும் தகப்பனையும் மகனையும் காட்டிவிட்டு, கொலைக்கு வந்து சேரவே நேரம் எடுத்துக்கொள்கிறார். அது போதாதென்று இடைவேளைக்குப் பின் தகப்பன் சிவசாமியின் இளமைக் காலத்துக்கு ஒரு முழு ஃப்ளாஷ்பேக். பஞ்சமி நிலம் (வெள்ளைக்காரன் காலத்தில் தலித்துகளுக்கென்று ஒதுக்கிய நிலம்), செருப்புப் போட்டு நடந்ததற்காக அவமானப்படுத்தப்படும் பெண், குடிசையோடு எரிக்கப்படும் குடும்பம். இந்தப் பகுதி நாவலில் கிடையாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் எரிக்கப்பட்டது நினைவுக்கு வராமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது.

ஒரு காட்சியை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். மூத்த மகனை விடுவிக்க வேண்டுமானால் ஊரில் ஒவ்வொரு ஆம்பிளை காலிலும் சிவசாமி விழ வேண்டும் என்று முடிவாகிறது. தனுஷ் விழுகிறார், எழுகிறார், அடுத்த ஆளிடம் போகிறார், மறுபடி விழுகிறார். வேறொரு இயக்குநர் ஒரு முறை விழுந்ததும் வெட்டிவிட்டு மகனின் கோப முகத்துக்குப் போயிருப்பார். வெற்றிமாறன் எண்ணிக்கையை நமக்கு உணர்த்துகிறார். ஒரு அவமானம் எத்தனை முறை திரும்பத் திரும்பச் செய்யப்பட்டால் அது ஒரு ஊரின் வழக்கமாகிறது என்பது அந்த எழுந்து விழுதலில் இருக்கிறது. பூமணி எழுதாமல் விட்ட சாதியை வெற்றிமாறன் உடம்பின் அசைவாகக் காட்டிவிட்டார்.

இழப்பும் உண்டு. நாவலின் அய்யா சாதாரண மனிதர். படத்தின் சிவசாமி அடக்கிவைத்த வீரர். அடங்கிக் கிடந்த ஆள் பொங்கியெழும் காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. ‘வெக்கை’யைப் படித்துவிட்டு யாரும் விசிலடிக்க மாட்டார்கள்.

அப்படியானால் பூமணிக்குச் செய்த துரோகமா அது?

இல்லை. நாவல் அச்சில் அப்படியே இருக்கிறது, படம் வந்தபின் அதைத் தேடி வாங்கியவர்கள் ஏராளம். முடிவைப் பற்றி வேண்டுமானால் சண்டை போடலாம். நாவலில் இருவரும் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். படத்தில் தகப்பன் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, மகனிடம் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார். அந்த வசனத்தை இன்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு நாவலின் முடிவுதான் பிடிக்கும். அங்கே யாரும் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை.

வெற்றிமாறன் எல்லாக் கதைகளிலும் இதைத்தான் செய்கிறாரா?

கிட்டத்தட்ட. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ அவர் 1983-இல் குண்டூர் காவல் நிலையத்தில் பட்ட அடியின் பதிவு. ‘விசாரணை’யின் முதல் பாதி அதுதான். இரண்டாம் பாதியில் கதை தமிழ்நாட்டுக்கு வந்து, அடிவாங்கியவர்கள் வேறொரு பெரிய விளையாட்டுக்குச் சாட்சியாகிறார்கள். புத்தகத்தில் அது இல்லை. இங்கே முன்கதைக்குப் பதில் மேல்மாடி. அடிக்கிற போலீஸ்காரருக்கு மேலே யார், அவருக்கும் மேலே யார் என்று ஏறிக்கொண்டே போகிறது. ஜெயமோகனின் ‘துணைவன்’ ஒரு சிறுகதை. அது ‘விடுதலை’ என்று 2023-இலும் 2024-இலும் இரண்டு படங்களானது. சிறுகதை ஒரு கணத்தைப் பிடிக்கும். அந்தக் கணத்துக்கு வந்து சேர்ந்த பாதை முழுவதையும் காட்டாமல் இவரால் இருக்க முடியாது. இரண்டாம் பாகத்தில் பேச்சு கூடிவிட்டது என்று எனக்குத் தோன்றியது, அதுவும் இந்தப் பழக்கத்தின் விலைதான்.

இதற்கு நேர்மாறாக, கதையைக் குறைத்துக்கொண்டே போன இயக்குநர் யாராவது உண்டா?

மகேந்திரன். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இயக்குநராவதற்கு முன் அவர் வசனத்துக்குப் பேர் போனவர். சிவாஜி முழங்கிய ‘தங்கப்பதக்கம்’ அவர் எழுதியது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் தன் முதல் படத்தில் ஆட்களை வாயை மூடவைத்தார்.

‘முள்ளும் மலரும்’ உமாசந்திரன் எழுதிக் கல்கி இதழின் பரிசு பெற்ற நாவல். அதை முழுதாகப் படிக்கவில்லை என்று மகேந்திரனே சொல்லியிருக்கிறார். காளி, தங்கை வள்ளி, அவன் கை போவது ஆகியவை அவருக்குப் போதுமாக இருந்தன. நாவலில் கையைப் பறிப்பது புலி. 1978-இல் வந்த படத்தில் ஒரு லாரி. புலி என்றால் அது விதி, சாகசம், சண்டைக்காட்சி. லாரி என்றால் வேலை போன ஆத்திரத்தில் குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவனுக்கு நடந்த விபத்து. குற்றம் சொல்லக்கூட ஆள் இல்லை. காளியின் கோபம் எங்கே போய் முட்டும் என்று தெரியாமல் நிற்பதற்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

கிளைமாக்ஸைப் பாருங்கள். காளியை வேலையிலிருந்து நிறுத்திய எஞ்சினியர் குமரனைக் கட்டிக்கொள்ள வள்ளி ஊராரோடு கிளம்பிவிட்டாள். காளி வழியில் தனியாக நிற்கிறான். அவள் எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். தங்கைக்குத் தான்தான் பெரிசு என்று தெரிந்த சந்தோஷத்தில் அவனே கூட்டிக்கொண்டு போய் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஆனால் இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் இந்த இடத்தில் அவன் மனம் திருந்தி அழுதிருக்க வேண்டும், நாலு பக்கத்துக்கு வசனம் பேசியிருக்க வேண்டும். வசனமே இல்லையே என்று தயாரிப்பாளர் நொந்துபோனதாக மகேந்திரன் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். பாலுமகேந்திராவின் கேமராவும் இளையராஜாவின் இசையும் அந்தக் காலியிடத்தை எடுத்துக்கொண்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயக்குநரின் பாணி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பெரும்பாலும் மூன்று நாலு பேரின் கூட்டு.

அடுத்த வருடம் ‘உதிரிப்பூக்கள்’. மூலம் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. அதிலிருந்து மகேந்திரன் எடுத்துக்கொண்டது தாயில்லாத குழந்தைகளையும் சுந்தரவடிவேலு என்ற பெயரையும், அதிகம் போனால் ஒரு வீட்டின் காற்றையும். புதுமைப்பித்தனின் சுந்தரவடிவேலு படித்த, பலவீனமான மனிதர். படத்தில் விஜயன் நடித்தவர் நிதானமாகக் கொடுமை செய்பவர், குரலைக்கூட உயர்த்தாதவர். கடைசியில் ஊரே அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து சாகச் சொல்கிறது. உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்கிற பொருளில் ஒரு பேச்சு, அப்புறம் ஆறு. புதுமைப்பித்தனிடம் இந்த ஆற்றங்கரை இல்லை. ஆனாலும் டைட்டிலில் அவர் பெயரைப் போட்டார் மகேந்திரன். ஒரு பொறியை வாங்கிக்கொண்டு சொல்லாமல் போகிறவர்கள் நிறைந்த தொழிலில் இது பெரிய விஷயம்.

நாவலில் இல்லாத காட்சி படத்தின் உயிராக முடியுமா?

முடியும். பிபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலில் துர்காவும் அப்புவும் சேர்ந்து ரயிலைப் பார்ப்பதே இல்லை. ஒருமுறை ஓடிப்போய்த் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் துர்கா, உடம்பு தேறியதும் ரயிலைக் காட்டுவாயா என்று தம்பியைக் கேட்கிறாள், தேறவே இல்லை. சத்யஜித் ராய் 1955-இல் வந்த தன் படத்தில் அவளுக்கு அந்த ரயிலைக் காட்டிவிட்டார். நாணல் பூத்த வெளியில் இருவரும் ஓட, தூரத்தில் புகை. அந்தக் காட்சியைப் பாதி எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்திருந்ததாம். மறுபடி பூக்கும் பருவம் வரும்வரை காத்திருந்து எடுத்தார்.

பிபூதிபூஷண் நிறைவேறாத ஆசையை வைத்து நெஞ்சைப் பிசைந்தார். ராய் நிறைவேறிய ஒரு கணத்தைக் கொடுத்து, பின்னால் வரும் சாவை இன்னும் கனமாக்கினார். நாவலின் சுருக்கப் பதிப்புக்கு ஏற்கெனவே படம் வரைந்தவர் அவர். கதையைக் காட்சிகளாக யோசிக்கும் பழக்கம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும்.

‘பொன்னியின் செல்வ’னில் மட்டும் ஏன் இவ்வளவு பேருக்குக் குறை?

ஏனென்றால் எல்லோருக்கும் மனதில் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோதே மணியத்தின் ஓவியங்களும் கூட வந்தன. நந்தினி எப்படியிருப்பாள் என்பதை மணியம் முடிவு செய்து எழுபது வருடம் ஆகிவிட்டது.

நாவலை எழுதிய கல்கி, வாசகரின் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போகிறவர். கதையை நிறுத்திவிட்டு வரலாறு சொல்வார், கேலி பேசுவார், வாரக் கடைசியில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு மறைந்துவிடுவார். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான் என்று நிதானமாகத் தொடங்குவார். மணிரத்னத்துக்கு இந்தக் கூடவரும் குரல் ஒத்துவராது. அவருடைய ஆட்கள் நாலு சொல்லில் பேசிக்கொள்பவர்கள். அதனால் 2022-இலும் 2023-இலும் வந்த இரண்டு பாகங்களிலும் முதலில் போனது அந்தக் குரலும், அதனோடு சேர்ந்த நகைச்சுவையும்தான். வந்தியத்தேவனிடமும் ஆழ்வார்க்கடியானிடமும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணிமேகலை காணாமல் போனாள். சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்ற திருப்பமும் போனது.

ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நடுவுக்கு வந்தார்கள். நாவலில் கரிகாலன் கொலை ஒரு மர்மம். யார் கை என்று கல்கி கடைசிவரை மூடியே வைத்தார். இன்றும் அதைப் பற்றிச் சண்டை போடலாம். படத்தில் அது இரண்டு பழைய காதலர்களின் கடைசிச் சந்திப்பு. மர்மக்கதையை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான். தனிப்பட்ட முறையில் எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான், மணிரத்னம் தன் சொந்தப் படத்தை எடுத்தது அங்கேதான்.

எம்.ஜி.ஆர். இந்த நாவலை எடுக்க நினைத்தபோது திரைக்கதை எழுத அமர்த்திய இளைஞர் மகேந்திரன். அது படமாகவில்லை. மகேந்திரன் பாணியில் ஒரு பொன்னியின் செல்வன் எப்படியிருந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. பழுவேட்டரையர் வாயே திறந்திருக்க மாட்டார்.

எழுத்தாளரே இயக்கினால் பிரச்சினை தீர்ந்ததா?

ஜெயகாந்தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலை 1965-இல் தானே இயக்கித் தேசிய அங்கீகாரமும் பெற்றார். நன்றாகவே செய்தார், ஆனால் எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை. ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவலை ஸ்டான்லி குப்ரிக் 1980-இல் எடுத்தார். குடியோடு போராடும் ஒரு தகப்பன் மெல்ல மெல்ல உடைவதுதான் நாவல். குப்ரிக்கின் படத்தில் ஜாக் நிக்கல்சன் முதல் காட்சியிலேயே பாதி பைத்தியமாகத் தெரிகிறார். நாவலில் பாய்லர் வெடித்து ஹோட்டல் எரிகிறது. படத்தில் ஆள் பனியில் உறைந்து போகிறான். கிங்குக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை. 1997-இல் தானே திரைக்கதை எழுதி, புத்தகத்துக்கு நெருக்கமாக ஒரு டிவி தொடராகக் கொண்டுவந்தார். இன்று குப்ரிக்கைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

எல்லாவற்றையும் இயக்குநர் கணக்கில் எழுதுவது சரியா? ஸ்டார், பட்ஜெட்?

சரியில்லைதான். சுஜாதாவின் ‘ப்ரியா’ லண்டனில் நடக்கும். படம் சிங்கப்பூர் போனது. நாவலின் வக்கீல் கணேஷ் ரஜினியாக மாறியதும் கதையின் எடையும் மாறிவிட்டது. இவையெல்லாம் பாணியில் சேராது, வியாபாரம். எது யாருடைய முடிவு என்று தெரிய ஒரு வழி: அதே மாற்றம் அந்த இயக்குநரின் மற்றப் படங்களிலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அவருடையது.

முதலில் படிக்கலாமா, பார்க்கலாமா?

படித்துவிடுங்கள். படம் பார்த்தபின் ‘வெக்கை’யைப் படித்தால் அய்யாவுக்குத் தனுஷ் முகம் வந்து ஒட்டிக்கொள்ளும், பிய்க்க முடியாது.

எந்த ஜோடியிலிருந்து தொடங்குவது?

‘சிற்றன்னை’யும் ‘உதிரிப்பூக்க’ளும். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சின்னக் கதை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அன்றைக்கே படத்தையும் பார்த்துவிடுங்கள். குழந்தைகள் வரும் இடங்களை மட்டும் இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: புதுமைப்பித்தன் அவர்கள் தலைக்குள் நுழைந்து எழுதுகிறார், மகேந்திரன் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். அதற்கடுத்து ‘வெக்கை’, ‘அசுரன்’. பொன்னியின் செல்வனை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து பாகம் இருக்கிறது.